சிரிக்க வேண்டிய இடம்

என் கணவர் ஆங்கிலம் பழகியது தொலைக்காட்சியில். அகதியாகப் படகில் வந்து, நோபல் பார்க் என்ற புறநகரில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த காலத்தில், ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாராம். ஓர் அரசாங்க அலுவலகமும், அதில் வேலையே செய்யாத நாலு உத்தியோகத்தர்களும்தான் கதை. பகிடி விளங்காவிட்டாலும் கவலையில்லை. பின்னால் பதிவுசெய்த சிரிப்பொலி கேட்கும், இவரும் சிரித்துவிடுவார்.

அந்தத் தொடர் இப்போது படமாக வந்தது. இவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் எங்கள் இருவரையும் அழைத்தார்கள். இவர் முகம் வாடிவிட்டது.

“படத்தில சிரிப்புச் சத்தம் போடமாட்டினம். பிழையான இடத்தில சிரிச்சா, நாளைக்கு அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? நீர் சிரிக்கேக்க என்ர கையில ஒருக்காத் தட்டும்.”

“ஓம், தட்டுறன். பேசாம வாங்கோ,” என்றேன். நான் இங்கே பல்கலைக்கழகத்தில் படித்தவள். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

சொன்னபடியே தட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பிந்தித்தான் சிரித்தார். பக்கத்திலிருந்த நண்பர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஒரு கிழவர் அலுவலகத்துக்கு வந்து தன் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்கிறார். பரிசீலனையில் இருக்கிறது என்கிறாள் அதிகாரி.

“அதை வாங்கிவைத்த இளைஞன் எங்கே?”

“அவர் ஓய்வுபெற்றுவிட்டார்.”

யாரும் இன்னும் சிரிக்கவில்லை. நான் தட்டவில்லை. இவர் வெடித்துச் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் அடித்து, தனியாக. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பிடிபட்டது. அரங்கமே அவரைத் தொடர்ந்து சிரித்தது.

எனக்கு மெய்சிலிர்த்தது. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் இருப்பவர் அவர். குடிவரவுக் கடிதம் வந்திருக்கிறதா என்று தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பவர். அந்த மனிதருக்குள் இவ்வளவு சிரிப்பு எங்கே இருந்தது? கும்பிடத் தோன்றியது.

நான் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“அந்தப் பெடியன் பென்ஷன் எடுத்திட்டானாம். இவற்ற பைல் இன்னும் மேசையிலயாம்,” என்று தமிழில் விளக்கினார்.