வெற்றுத் தட்டில் இறங்கிய எடை

மைசூர் மண்டி மொஹல்லாவில் எடை இயந்திரம் மக்கர் செய்தால் ஜூடித்தைக் கூப்பிடுவார்கள். ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரின் மகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம். இருபது கிலோ படிக்கல்லைத் தானே தூக்கி இறக்குவாள். ஆனாலும் புது ஆட்கள், “டெக்னீசியன் வரலையா?” என்று அவளிடமே கேட்பதுண்டு.

சென்னிமலையும் அப்படித்தான் கேட்டார். ராமாபுரத்துப் புளி வியாபாரி. சந்துக்குள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கிக் கிடங்காக்கியிருந்தார். தரையில் சதுரமாகக் குழி வெட்டி, மூட்டைகளை நிறுக்க ஒரு டன் டிஜிட்டல் தராசைத் தரைமட்டத்துக்குப் பதித்திருந்தார்கள். அதைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும்.

பதினொரு மணிக்கு ஜூடித் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். தட்டுக்கும் குழியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிச் சுற்றிலும் இழுத்தாள். எங்கும் தட்டவில்லை. ஜீரோ அழுத்தினாள். படிக்கற்களை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. கற்களை இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

அப்போது வெற்றுத் தட்டில் எண் இறங்கத் தொடங்கியது. மைனஸ் மூன்று. மைனஸ் பதினொன்று. மைனஸ் ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு கிலோவில் வந்து நின்றது. ஜீரோ அழுத்தும்போது தட்டில் நின்ற ஆள் பிறகு இறங்கினால் இப்படித்தான் காட்டும்.

ஒயர்களைச் சோதித்து மறுபடி ஜீரோ செய்தாள். பத்து நிமிடம் கழித்து அதே நிதானத்தில் இறங்கி, அதே எண்ணில் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே.

கிடங்கைப் பெருக்கும் சித்தம்மா விளக்குமாற்றோடு தள்ளியே நின்றாள்.

“ஏறுனத ஆரும் பாக்கலீங்களே அம்மிணி. எறங்கறது மட்டுந்தான் தெரியுது.”

“என்ன சொல்றீங்க?”

“அந்த எடத்துல கால் வெச்சா சில்லுங்குது. நான் அங்க நிக்கறதில்லீங்க.”

ஜூடித் கார்டை மறுபடி செருகினாள். மூன்று பக்கம் ஓடியது. கிழக்கே சிக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அங்கேதான் அது தடையில்லாமல் போனது. தட்டு சட்டத்தில் உரசினால் எடை குறையும், சரிதான். ஆனால் உரசுவதற்கு ஏதோ நகர்ந்திருக்க வேண்டும். ரசமட்டத்தின் குமிழி கோட்டை விட்டு விலகியிருந்தது.

நான்கு ஆட்களை வைத்துத் தட்டைத் தூக்கச் செய்து, குழியின் தளத்தில் கையை வைத்தாள். மயிரளவு விரிசல். அதிலிருந்து குளிர்ந்த காற்று சீராக மேலே வந்தது. காதை வைத்தாள். வெகு ஆழத்தில், தண்ணீர் மேல் மண் உதிரும் சத்தம்.

“எல்லாரும் வெளிய போங்க.”

“ஏனுங்க மேடம், லாரி நிக்குது. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க” என்றார் சென்னிமலை.

“ஸ்வல்ப பொறுங்க சார். மிஷின் சரியாத்தான் இருக்கு. கீழதான் தரை இல்ல.”

அவர் முறைத்தார். ஆனால் அவள் படிக்கற்களைக்கூட எடுக்காமல் வெளியேறியதைப் பார்த்ததும் மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மூன்றரை மணிக்குக் குழியின் கிழக்கு மூலை உள்ளே போனது. பெரிய சத்தம் இல்லை. யாரோ மூச்சை இழுத்தது போலிருந்தது. படிக்கற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தண்ணீரில் விழும் சத்தம் கேட்கச் சற்று நேரம் பிடித்தது.

கல்பலகை போட்டு மூடிய பழைய கிணறு. பத்திரத்தில் அப்படியொன்று இல்லை. தீயணைப்புக்காரர்கள் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை.

சென்னிமலை அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஏழு பேரு உள்ள இருந்தோம்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உரசல் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் நிற்காது என்பது ஜூடித்துக்குத் தெரியும். அதற்கு அவளிடம் இன்றுவரை விளக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவியவள் குழாயை மூட மறந்து நின்றாள். கணவன் ஜோஷுவா குழாயை மூடினான்.

“பயந்துட்டியா?”

“அங்க பயம் வரல. இப்பத்தான் வருது. காலையிலேருந்து நான் அது மேலதான் மண்டி போட்டுட்டிருந்தேன்.”