ஷாஷிதுவின் சாமணம்

கோஜாம் மலைமேட்டில் இருந்த அந்த ஊரில், சனிக்கிழமைச் சந்தை கலைந்தால் பெண்களில் பாதிப் பேர் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். ஷாஷிதுவின் வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கண்ணில் முடி குத்துகிறது என்பார்கள். அவள் கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு தொங்கும் சாமணத்தை எடுப்பாள். வந்தவள் தலையை மடியில் சாய்த்து, உள்பக்கமாக வளர்ந்த இமைமயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள்.

அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ள சீக்கு அது. சின்ன வயதில் கண்ணில் பீளை தள்ளும், ஈ மொய்க்கும். ஆறும், மறுபடி வரும். பிள்ளை குட்டி பெற்ற வயதில் இமை உள்ளே மடங்கி, மயிர் கண்மணியை உரசத் தொடங்கும். ஷாஷிதுவுக்கும் அப்படித்தான் வந்தது. சாவு வீடுகளில் அவள் கண்ணில்தான் எல்லோரையும் விட அதிகமாக நீர் கொட்டும். ஒரு கிழவி செத்தபோது, "எங்கம்மாவுக்காக இப்படி உருகி அழுதவ நீ ஒருத்திதான்" என்று அந்த வீட்டார் ஆட்டுத் தொடையே கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கிழவியோடு ஷாஷிது பேச்சை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

கண்ணாடித் துண்டைப் பார்த்துத் தன் இமையில் பழகிய கைதான் ஊருக்கே உதவியது. வருகிறவர்கள் ஒரு பிடி காபிக்கொட்டை கொண்டுவருவார்கள். அதை வறுத்து, இடித்து, காய்ச்சிக் குடிக்கும் வரை வாசலில் ஊர்க்கதை ஓடும். புருஷன் அலெம்னே மட்டும் முணுமுணுப்பான்: "ஊர் வம்பெல்லாம் என் வாசல்லதான் வந்து விழணுமா?"

சுகாதார நிலையத்துக்கு இதாயால் என்ற நர்ஸ் வந்தான். மடங்கிய இமையை அறுவை செய்து வெளிப்பக்கம் திருப்பித் தைக்கப் பயிற்சி எடுத்தவன். இலவசம் என்று கோயில் முன்னால் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை அவனே ஷாஷிதுவின் வாசலுக்கு வந்து, பெண்கள் போகும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இவங்கள என்கிட்ட அனுப்பி வைங்களேன்."

"எதுக்கு? என் கை மரத்துப்போச்சுனு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லக்கா. பிடுங்கின முடி மறுபடி முளைக்குது. முளைக்கும்போது முள்ளு மாதிரி நிக்குது. அது உரசி உரசித்தான் கண்ணு வெளுத்துப்போகுது."

ஷாஷிதுவுக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டு எனானுவின் இடது கண் வெளுத்துப் பார்வை போயிருந்தது. அவளுக்குத்தான் வாராவாரம் பிடுங்கியிருக்கிறாள்.

"அப்போ எனானு கண்ணைக் கெடுத்தது நான்தானா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. நீங்க பிடுங்கலைன்னா அது இன்னும் முன்னாடியே போயிருக்கும். ஒண்ணு ரெண்டு முடின்னா பிடுங்குறதே போதும். இமையே மடங்கிட்டா அது பத்தாது, அவ்வளவுதான்."

அவன் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த சந்தையன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். வெளியே எனானு கதவைத் தட்டினாள்.

"என்னடி, மகாராணிக்கு உடம்பு சரியில்லையா? எனக்குக் குத்துதுடி!"

ஷாஷிது கதவைத் திறந்தாள். "நாளன்னைக்கு நான் இதாயால்கிட்ட இமையைத் தைச்சுக்கப் போறேன். நான் குருடாகாம திரும்பி வந்தா நீயும் போ."

சொன்னபடியே போனாள். இமையில் ஊசி இறங்கியபோது இதாயாலின் பரம்பரையையே திட்டினாள். "திட்டுங்கக்கா, ஆனா அசையாதீங்க" என்றான் அவன். மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். இமை வீங்கிக் கனத்தது. மெல்ல மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். குத்தவில்லை. கண் சிமிட்டினால் வலிக்காது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, சும்மா சிமிட்டிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு எனானு போனாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் போனார்கள். சனிக்கிழமை வாசல் வெறிச்சோடியது. சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். "கண்ணு தெளிஞ்சதும் என் வீடு தெரியலையாடி?" என்று கத்துவாள். சிரிப்பார்கள், நிற்கமாட்டார்கள். எப்போதும் முணுமுணுத்த அலெம்னேகூட, "வீடே என்னவோ மாதிரி இருக்கு" என்றான்.

மழைக்காலம் முடிந்த சமயம் எனானு வந்து நின்றாள். நல்ல கண் சிவந்திருந்தது.

"பாருடி, மறுபடி முளைச்சிருச்சு! உன் பேச்சைக் கேட்டுத்தானே போனேன்? வலி வேற, இப்ப இது வேற!"

ஷாஷிது இமையைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் முடி உள்ளே திரும்பியிருந்தது. சிலருக்கு இப்படித் திரும்பவும் வரலாம் என்று இதாயால் சொன்னது அவளுக்குத் தெரியும். எனானுவிடம் அதைச் சொல்லாமல் விட்டவள் அவள்தான். சொன்னால் போகமாட்டாளே என்ற பயம்.

"வரும்னு அவன் சொன்னான். நான்தான் உன்கிட்ட மறைச்சேன். திட்டிக்கோ."

எனானு வாய் நிறையத் திட்டினாள். திட்டி முடித்ததும் மடியில் தலையைச் சாய்த்தாள். "பிடுங்குடி முதல்ல."

ஷாஷிது பிடுங்கினாள். பிறகு தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"நட. இதாயால்கிட்ட காட்டணும்."

"இப்பவேவா? காபி?"

"வந்து குடிக்கலாம்."

எனானு சலித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மேட்டுப் பாதையில் இறங்கினார்கள்.