குதிரைக் குளம்பும் கண்ணாடிப் பெட்டியும்

போன ஞாயிறு பின்னேரம், கல்முனையில் என் ஹார்ட்வெயார் கடைக்கு முன்னால் ஒரு கல்யாண ஊர்வலம் அப்படியே நின்றுபோனது. மாப்பிள்ளை குதிரையில். குதிரையோ மூன்று காலில்!

முன்னங்கால் ஒன்றை ஊன்ற மாட்டேன் என்கிறது. குளம்புக்குள் சல்லிக்கல் இறுகிவிட்டது. மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, குதிரைக்காரத் தம்பி ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தப் பார்த்தான்.

"எடடா கையை! சதையில ஏறினா குதிரை முடிஞ்சுது!" என்று பாய்ந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் இரும்பைப் பற்றி இந்த ஊரில் என்னிடம் கேட்காமல் யார் கதைக்கிறது? பழைய பங்களா ஒன்றை உடைத்தபோது, குதிரைச் சாமான் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். உடம்பு தேய்க்கும் இரும்புச் சீப்பு, லாடம் கழற்றும் குறடு, குளம்பு தோண்டும் கொக்கி... எது எதற்கென்று கேட்டுக் கேட்டே படித்தேன். என் மகன் றியாஸ் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, லைட்டும் போட்டு, 'தொட வேண்டாம்' என்று ஒட்டிவிட்டான்.

"சாவியைத் தா மகன்."

"வாப்பா, அது அன்டிக் சாமான்! வளைஞ்சா என்ன செய்யிற?"

"வளைச்சுத்தான் செஞ்சிரிக்கி. தாறியா, கண்ணாடிய உடைக்கவா?"

தந்தான்.

தம்பி காலைத் தூக்கிப் பிடித்தான். குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற இடத்தைத் தொடாமல், கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி இழுத்தேன். வரவில்லை. குதிரை உதறியதில் என் வெள்ளைச் சாரன் முழுக்கப் புழுதி. விடுவேனா? இன்னொரு இழுவை — டக்கென்று கல் றோட்டில் விழுந்தது. சனம் கை தட்டியது. தட்டாதா பின்னே!

மாப்பிள்ளையின் மாமாவுக்கு அவசரம். "ஏறுங்க மருமகன், பொண்ணு வீடு கிட்டத்தானே!"

"ஏறப்படாது," என்றேன். "கால் நொந்து கிடக்கு."

"மாப்பிள்ளை நடந்து போனா சனம் என்ன கதைக்கும் ஹாஜியார்?"

"ஏன், அவருக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இரிக்கி?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். குதிரையின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தார். குதிரையும் நான்கு காலையும் மெல்ல மெல்ல ஊன்றிப் பின்னால் போனது.

கொக்கியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். றியாஸின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்! வேலை செய்கிற இரும்பு எதற்குக் கண்ணாடிக்குள் கிடக்க வேண்டும் — நீங்களே சொல்லுங்கள்?

பெட்டியில் வெறுமையான இடத்தில் அந்தக் கல்லை வைத்திருக்கிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் அதை உற்றுப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துச் சாமான் ஹாஜியார்?"

"போன ஞாயிறு," என்றேன்.