பெரியம்மாவுக்கு ஒரு பாதை

லிஃப்டுக்குள் கால் வைத்ததும் அவர் ஒரு முறை குதிப்பார். பெரிய குதிப்பு ஒன்றுமில்லை. பாதம் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பி இறங்கும், அவ்வளவுதான். பெட்டி லேசாக ஆடும். உள்ளே இருப்பவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு முறைப்பார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியாது. காது மேலே, இரும்புக் கயிற்றில் இருக்கும். "கயிறு நல்லா இருக்கு, போலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்துவார்.

லிஃப்ட் ஆய்வு அவருடைய உத்தியோகம். ஊரில் உள்ள லிஃப்டுகளை வருடத்துக்கொரு தடவை சோதித்து, ஓடலாம் என்றால் பச்சைச் சீட்டு, கூடாது என்றால் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். எங்கள் கட்டடத்தில் அவர் ஐந்தாம் மாடி, நான் மூன்றாம் மாடி. ஒரு நாள் கைபேசியில் பேசிக்கொண்டே லிஃப்டில் ஏறினார். "பெரியம்மா அம்பத்தெட்டு டன்னுங்க. வளைஞ்சு குடுக்கவும் மாட்டாங்க. அந்தப் பாலத்துல ஏத்தினா பாலமும் போயிடும், பெரியம்மாவும் போயிடுவாங்க." பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற தம்பதி அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்கள். அது அவர்கள் மாடி இல்லை.

பெரியம்மா ஒரு நீராவி எஞ்சின். பதினொரு பேர் சேர்ந்து, கூரை பாதி பறந்துபோன சரக்குக் கொட்டகை ஒன்றில் ஏழு வருடம் பாடுபட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள். அதில் ஒரு பல் டாக்டர் உண்டு, இரண்டு வெல்டர்கள் உண்டு, ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவரும் உண்டு. "நம்ம எல்லாருக்கும் மூத்தவ, பேர் சொல்லிக் கூப்பிடலாமா?" என்று டிரைவர்தான் அந்தப் பெயரை வைத்தார். கொட்டகை வளாகத்தில் இருந்தது முந்நூறு மீட்டர் தண்டவாளம். சனிக்கிழமைதோறும் கரி போட்டு, ஆவி ஏற்றி, முந்நூறு மீட்டர் போவார்கள். பிறகு முந்நூறு மீட்டர் திரும்பி வருவார்கள்.

பெரியம்மா ஓடுவதற்கு ஒரு நிஜமான பாதையைத் தேடிப் பிடிப்பது நம்மவர் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'ரயில்காரர்' என்று பெயர். கொட்டகையில் 'லிஃப்ட்காரர்'.

ஊரெல்லாம் தண்டவாளம் கிடக்கிறதே, இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் ஒரு முறை கேட்டுவிட்டேன். இரண்டு மாடி ஏறும் நேரத்தில் அவரால் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சொன்னார். ஓடுகிற பாதைகளின் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறது. அதற்கடியில் புகை விட அனுமதியில்லை. வேகவண்டிகளுக்கு நடுவில் இவள் அசைந்து அசைந்து போக நேரமும் கிடையாது. ஆகவே வண்டிகள் நின்றுபோன பாதைதான் வேண்டும். ஆனால் தண்டவாளம் இவளுடைய சக்கரத்துக்கு ஏற்ற அகலமாக இருக்க வேண்டும். பாலம் ஓர் அச்சுக்குப் பத்து டன் தாங்க வேண்டும். வளைவு ரொம்ப முரண்டு பிடிக்கக் கூடாது. போய்ச் சேருகிற இடத்தில் தண்ணீர் வேண்டும். ஓரமெல்லாம் காய்ந்த புல்லாக இருந்தால் ஒரே பொறியில் காடு பற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "சுருக்கமா சொன்னா, வண்டி ஓட்டுறதை விட்டிருக்கணும், ஆனா கைவிட்டிருக்கக் கூடாது. அப்படி ஒரு பாதை."

ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் கிளம்பும். பையில் சின்னச் சுத்தியல், அளவு நாடா, தண்டவாள அகலம் பார்க்கும் கட்டை. பின்னால் மனைவி. அவர் கையில் மூன்றாக மடியும் அலுமினியக் கம்பு. விரித்தால் சரியாகப் பெரியம்மாவின் புகைபோக்கி உயரம். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கும் வேலை. "கல்யாணமாகி பத்தொம்பது வருஷம். இவரு கூட்டிட்டுப் போற ஊர்ல எல்லாம் ஸ்டேஷன் இருக்கும், ரயில் மட்டும் இருக்காது" என்பார். சொல்லுவாரே தவிர, ஒரு ஞாயிறுகூட வீட்டில் தங்கியதில்லை. புதருக்குள் அரை கிலோமீட்டர் தள்ளி மறைந்து கிடக்கும் கைகாட்டி மரத்தை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் மனைவிதான்.

ஒன்பது பாதைகள் பார்த்தார்கள். முதல் பாதையில் எல்லாமே பொருந்தியது, சுரங்கத்தின் கூரையில் கம்பு இடிக்கும்வரை. நாலு விரல் குறைச்சல். இன்னொன்றைப் போன மாதம் அளந்துவிட்டு இந்த மாதம் போனால், ஒன்றரைக் கிலோமீட்டர் தண்டவாளம் மாயமாகிப் பக்கத்து ஊரில் மூன்று வீடுகளுக்கு உத்தரமாகியிருந்தது. அந்த வீட்டுக்காரர்களே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்களாம். "நல்ல கனமான தண்டவாளம். வீடு நூறு வருஷம் நிக்கும்" என்று பாராட்டிவிட்டு வந்தார். ஏழாவது பாதையில் பாலத்தின் ஆணியைச் சுத்தியலால் தட்டினார். ணங்கென்று ஒலிக்க வேண்டியது பொத்தென்றது. நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே சொல்: ஆகாது.

கொட்டகையில் பொறுமை கரைந்தது. பெரியம்மாவின் கொதிகலனுக்குக் கொடுத்திருந்த சான்று முடியப் பதினாலு மாதமே பாக்கி. முடிந்துவிட்டால் குழாய்களையெல்லாம் உருவிப் பிரித்துப் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினொரு பேரில் பாதிப் பேருக்கு இன்னொரு ஏழு வருடம் உடம்பில் இல்லை. இவரிடம் கட்டிலைக் காட்டினால்கூடத் தாங்காது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார் என்று பல் டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நம்மவர் சிரித்துக்கொண்டார். டிரைவர் அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னதுதான் தைத்தது. "தம்பி, நான் நீளமா ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு வளைவு. திரும்பிப் பாத்தா கடைசிப் பெட்டி தெரியணும். அவ்வளவுதான்." கொட்டகையின் முந்நூறு மீட்டரும் நேர்கோடு.

பத்தாவது பாதை லிஃப்ட் வேலையில் கிடைத்தது. சிமெண்ட் ஆலை ஒன்றில் சரக்கு லிஃப்டைச் சோதிக்கப் போனவர், ஐந்தாவது தளத்தின் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அரைக் கிலோமீட்டருக்கு. நேராகப் போன வரிசை, தூரத்தில் அழகாக, ஒரே சீராக இடப்பக்கம் வளைந்தது. கையிலிருந்த சீட்டுக் கட்டை அப்படியே வைத்துவிட்டு மேலாளரைப் பார்த்துக் கேட்டார்: "துணி காயப்போடுறவங்க யாரும் இப்படி வளைச்சுக் கட்ட மாட்டாங்களே. அடியில என்ன இருக்கு?"

அடியில் தண்டவாளம் இருந்தது. ஆலையிலிருந்து சுண்ணாம்புக் கல் மலை வரை பதினோரு கிலோமீட்டர். கல் லாரிக்கு மாறியதும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆலைக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஆற்றுப் பாலத்தின் மேல்தான் வருகிறது என்பதால், பாலத்துக்கு மட்டும் வருடா வருடம் வர்ணம் அடித்து வந்தார்கள். அகலம் சரி. உயரம் சரி. மலையடியில் தண்ணீர்த் தொட்டி. அன்று மாலை அவர் டிரைவருக்குப் போன் செய்து சொன்னது நாலே சொல். "ஐயா, நாலு வளைவு இருக்கு." எத்தனை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம் டிரைவர்.

இடைஞ்சல், விரிப்புகள். ஆலைச் சுவரை ஒட்டி ஓர் அம்மாள் சலவைக்கூடம் நடத்தினார். நாலு ஆஸ்பத்திரித் துணி அவரிடம்தான் வரும். தண்டவாளத்துக்கு நடுவே கம்பம் நட்டுக் கயிறு கட்டிப் பதினோரு வருடமாக அங்கே உலர்த்துகிறார். ஒரு நோட்டீஸ் கொடுத்தால் ஒரே வாரத்தில் காலி செய்துவிடுவார்கள் என்றார் மேலாளர். நம்மவர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனார்.

"கரி வண்டி," என்றார் சலவைக்கூடத்து அக்கா, விஷயத்தைக் கேட்டுவிட்டு. "என் வெள்ளைத் துணி வழியா. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்."

அவர் வாதாடவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் அங்கே போய் ஒரு கல்லில் உட்கார்ந்து துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்யும் பெண்கள் முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார்கள். ஆலையின் நிழல் விலக மதியம் இரண்டாகிவிடுகிறது, துணி காயச் சாயங்காலமாகிவிடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது. சலவைக்கூடத்தின் மொட்டை மாடியிலோ காலையிலிருந்தே வெயில். ஏன் அங்கே போடவில்லை என்று கேட்டார். அக்கா, நனைந்த விரிப்புகள் நிறைந்த கூடை ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

நாற்பத்தாறு படி. கூடையோடு மேலே போய்ச் சேர்ந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியவர், அப்படியே கீழே எட்டிப் பார்த்தார். தரைவரை நேர்ச் சுவர், நடுவில் ஜன்னலோ குழாயோ எதுவும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்த அக்கா, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு, சிரிக்கிறாரே என்று பயந்துபோனார்.

"அக்கா, இது என் வேலைக்கா," என்றார்.

நகரத்தில் ஒரு பழைய ஓட்டலை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் சரக்கு லிஃப்டுக்கு ஆறு வருடம் பச்சைச் சீட்டு ஒட்டியவர் அவர்தான். அந்த மோட்டாரின் குரல்கூட அவருக்குத் தெரியும். பேசிக் கேட்டு வாங்கினார். கொட்டகையின் வெல்டர்கள் ஆறு சனிக்கிழமை பெரியம்மாவை மறந்து சலவைக்கூடச் சுவரில் தொங்கினார்கள். எல்லாம் முடிந்தும் அவர் யாரையும் துணி ஏற்றவிடவில்லை. தான் வைத்த லிஃப்டுக்குத் தானே சீட்டு ஒட்டுவது தப்பு என்று வேறு வட்டாரத்து ஆய்வாளரை வரவழைத்தார். வந்தவருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்நாளில் இன்னொரு முறை வாய்க்காது. மூன்று மணி நேரம் சோதித்தார். வேண்டுமென்றே இரண்டு தடவை உச்சுக் கொட்டினார். நம்மவர் பரீட்சை முடிவுக்கு நிற்கும் மாணவனைப் போல நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். பச்சைச் சீட்டு ஒட்டப்பட்டதும் சலவைப் பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

துணி இப்போது பதினொரு மணிக்கே காய்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்குள் துணி இறங்கிவிடும், வண்டி ஒரு மணிக்கு மேல்தான் வரும் என்று வாய்ப் பேச்சாக ஒப்பந்தம். தண்டவாளத்தில் நட்டிருந்த கம்பங்களை அக்காவே பிடுங்கிப் போட்டார். முதல் கம்பத்தைப் பிடுங்கும்போது, "தம்பி, இதை மட்டும் நீ பிடி" என்றார். சார் போய்த் தம்பி வந்திருந்தது.

எல்லாம் கூடி வந்த பிறகு அவர்தான் தயங்கினார். ஆற்றுப் பாலத்தின் ஒவ்வோர் ஆணியையும் தட்டியாயிற்று, அத்தனையும் ணங்கென்றன. ஆலை மேலாளர் டீசல் எஞ்சின் கொடுத்தார். பெரியம்மாவைவிடக் கனமாகக் கல் ஏற்றிய வண்டிகளைப் பாலத்தின் மேல் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். அடியில் வைத்த அளவுகோலில் பாலம் நாலு மில்லிமீட்டர் இறங்கியது. வண்டி போனதும் நாலு மில்லிமீட்டர் ஏறி, பழைய இடத்துக்கே வந்தது. அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். அவருடைய நோட்டில் மட்டும் பத்தாவது பக்கத்தின் அடி ஒன்பது நாள் வெறுமையாக இருந்தது. ஒரு மாலை என்னிடம் சொன்னார்: "சிவப்புச் சீட்டு ஒட்டினா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. திட்டிட்டுப் படியேறிப் போயிடுவாங்க. பச்சை ஒட்டும்போதுதான் எனக்குக் கை நடுங்கும். இருபத்திரண்டு வருஷமா."

அன்று சாப்பாட்டு மேசையில் மனைவி நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாராம். தன் கடைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் பேசினாராம். கண் பார்க்கும் அட்டையின் கடைசி வரி எழுத்து அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தப்பாகிவிடுமோ என்று பயந்து தெரியவில்லை என்பார்கள். "தெரியறதைத் தெரியுதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாரும் உங்களைக் கேக்கல." நம்மவர் பேனாவை எடுத்து 'ஆகும்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். நான் பார்த்திருக்கிறேன்.

சான்று முடிய நாலரை மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, பெரிய லாரியில் ஆலைக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்த பெரியம்மா, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். என்னையும் அழைத்திருந்தார். பல் டாக்டர் கரி அள்ளிப் போட்டார். அவர் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சலவைக்கூடத்து அக்கா தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி வந்திருந்தார். கரி படுமே என்றதற்கு, "படட்டும், வெளுக்கத் தெரியாதவளா நான்?" என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். மாடியில் நின்ற பெண்கள் கையசைத்தார்கள். முதல் வளைவில் டிரைவர் இடுப்புவரை வெளியே சாய்ந்து, பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். முன்னால் பாருங்கள் என்று பல் டாக்டர் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஊதல் சத்தத்துக்கு வயல்களில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து, மண்வெட்டியை உயரத் தூக்கிக் காட்டினார்கள்.

பாலம் நெருங்கியது. ஆறு தெரிகிறது என்று பெட்டி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் மட்டும் நடு இருக்கையில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். காலுறைகளையும் கழற்றினார். இரண்டு வெறும் பாதங்களையும் பெட்டியின் மரத்தரையில் பதித்துக் கண்களை மூடிக்கொண்டார். சக்கரங்களின் ஓசை கனத்து, அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்லியது. என்னங்க என்று திரும்பிய மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றிய ஷூக்களை உருளாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஓசை மறுபடி மண்ணோசையாகி, பாலம் பின்னால் போய், மிச்ச வளைவுகளும் போய், மலையடியில் வண்டி நின்று எல்லோரும் இறங்கத் தொடங்கிய பிறகும், அவர் பாதங்களைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.