பதினைந்துக்குக் கீழே

பள்ளிக்கூடத்தில் அவரைச் ‘சமம் சார்’ என்றுதான் சொல்வோம். ஆபீஸ் கிளார்க். ஆசிரியர்களுக்கு டைம்டேபிள் போடுவது அவர் வேலை. யாருக்கு எத்தனை பீரியடு, கடைசி பீரியடு யாருக்கு வாரத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பென்சிலால் கட்டம் கட்டி, அழித்து, மறுபடி கட்டி, ஒருத்தரும் குறை சொல்ல முடியாதபடி நீட்டுவார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் அளந்து போட்டுவிட்டு, இரண்டு கரைக்கும் சமமாகப் போயிற்றா என்று எட்டிப் பார்க்கிற ரகம். கல்யாணம் ஆகவில்லை. காரணம் இதுதானா என்று கேட்க எனக்கு வாயில்லை, நானும் ஆகாதவள்தான்.

நான் அதே பள்ளியில் லைப்ரரி பார்க்கிறேன். மற்ற விஷயங்களில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவருடைய அக்கா வீட்டில் கூடுவோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. ஆளுக்கொரு வேடம், மேஜைமேல் அதற்கொரு சின்னப் பொம்மை, ஒரு தாள், பகடை. காடு, கோட்டை, பூதம் என்று கதையை நடத்துகிறவர் சமம் சார். ரூல் எல்லாம் அவரே எழுதியது, மூன்று நோட்டு நிறைய. நான் தீ மந்திரக்காரி. எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர், ஏட்டைப் பார்த்து மந்திரம் போடுகிற பண்டிதர். அக்கா வைத்தியச்சி, அடிபட்டு விழுந்தவரைத் தொட்டால் போதும், எழுந்துவிடுவார். அக்காவின் வீட்டுக்காரர் வாள் வீரன். அவரை நாங்கள் எல்லோருமே மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

மாமாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. உள்ளறைக் கட்டிலே கதி. ஆனால் வீரனை நாங்கள் எடுக்கவில்லை. மேஜையை அந்த அறைக் கதவோரம் இழுத்துப் போட்டோம். கட்டிலிலிருந்து அவருக்கு எங்கள் தலை தெரியும், மேஜைமேல் இருப்பது தெரியாது. அவர் முறை வந்தால் சமம் சார் உரக்கக் கேட்பார்: “மாமா, வாசல்ல ரெண்டு பூதம். என்ன பண்றீங்க?”

குழறிய குரல் வரும். “வலது பக்கத்துக்காரனை.”

அக்கா அவருக்காகப் பகடை போடுவார். வாரத்தில் ஆறு நாள் அந்த மனிதர் ஒரு வாய் சாப்பிட வீடே கெஞ்ச வேண்டும். ஞாயிறு வந்தால் மட்டும் காலையிலேயே முகச்சவரம் செய்துவிடச் சொல்வாராம். “இந்த ஒண்ணை வச்சுத்தாம்மா அவரைப் புடிச்சு வச்சிருக்கேன்,” என்று அக்கா ஒரு தடவை என்னிடம் சொன்னார். “இதுவும் இல்லேன்னா விட்டுடுவார்.”

இதைக் கேட்ட பிறகும் வாய் திறந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே கடுப்பு. என் தீ ஒரு ஆட்டத்துக்கு மூன்று தடவைதான். பண்டிதருக்கு ஏட்டில் இருக்கிறது மட்டும்தான். அக்கா தொடுவதற்கோ கணக்கே கிடையாது. எவ்வளவு பெரிய பூதம் வந்தாலும் ஒருத்தரும் சாகப்போவதில்லை என்றால் அப்புறம் என்ன பயம், என் தீ எதற்கு?

ஆபீஸ் ஜன்னலோரம் நின்று கேட்டேவிட்டேன். “உங்க அக்காவுக்கு மட்டும் தனி ரூலா சார்? பேரு மட்டும் சமம்.”

மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு வாரம் பழைய ஆட்டக் குறிப்புகளைப் புரட்டினார். எங்களில் யாராவது அடிபட்டு விழுந்தது நாற்பத்தொரு தடவை. நாற்பத்தொரு தடவையும் எழுப்பியது அக்கா. என் தீயால் முடிந்த சண்டை ஒன்பதுதான். பகடையை நூற்றுக்கணக்கில் உருட்டிப் பார்த்துப் புது ரூல் எழுதினார். அக்கா ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் தொடலாம். தொட்டுவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால்தான் ஆள் எழுவார். இல்லையென்றால் செத்தவர் செத்தவர்தான்.

“இப்பதான் மூணு பேர் மந்திரமும் சரிக்குச் சரி நிக்குது,” என்று என்னிடம் நோட்டைக் காட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான், பாவி.

அக்கா படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என் மேல என்னடா கோவம்?”

“கோவம் இல்லக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல?”

“சரி, ஆடிப் பார்ப்போம்.”

இரண்டு ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது ஞாயிறு, பாலத்தின் மேல் சண்டை. என் மூன்று தீயையும் ஆரம்பத்திலேயே வீசித் தீர்த்திருந்தேன். “நான் முன்னால போறேன்,” என்றார் மாமா உள்ளிருந்து. போனார். பூதம் அடித்தது. சமம் சார் தாளைப் பார்த்துக் கூட்டிக் கழித்து, “வீரன் விழுந்துட்டான்,” என்றார். அக்கா வீரன் பொம்மையைத் தொட்டார். பகடையை உருட்டினார்.

பதினொன்று.

நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எழுந்தானா?” என்று கேட்டார் மாமா.

அக்கா தம்பியைப் பார்த்தார். வாய் திறந்து கெஞ்சவில்லை, அவ்வளவுதான். எழுந்துட்டான் மாமா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள். ஒரே ஒரு பொய் அந்த மனிதருக்கு வரவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. ஐம்பது வயது வரை பழகாதது அந்த நிமிஷத்தில் எப்படி வரும்? டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என் தாளைப் படிக்கிற மாதிரி இருந்தேன். ரூலைக் கேட்டு வாங்கினவள் நான்தானே.

“இல்ல மாமா,” என்றார் சமம் சார். “பதினொண்ணுதான் விழுந்துச்சு.”

“ம்.”

பிறகு, “கதவைச் சாத்துங்க,” என்று குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு சமம் சார் அந்தப் பக்கத்தையே கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று காட்டினார். “மாமா, இந்த ரூல் தப்பு. எடுத்துட்டேன். போன வாரம் நடந்தது செல்லாது. உங்க ஆள் உயிரோடதான் இருக்கான்.”

மாமா சவரம் செய்துகொள்ளவில்லை. அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீ தப்பாக் கணக்குப் போடமாட்டியேடா,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் மாத்திரையை விழுங்குவதில்லை. வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளுகிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நோயாளி மனசு வைத்தால்தான் உண்டு என்று சொல்லிப் போய்விட்டார். ஆட்டம் நின்றுவிட்டது. டிரைவர் வருவதில்லை. சமம் சார் மட்டும் ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்குப் போய்க் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காருகிறார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆறு மணிக்கு இவர் எழுந்து வருகிறார்.

போன வாரம் நானும் போனேன். மாமா தொடாத சாப்பாட்டுத் தட்டோடு அக்கா வெளியே வந்தார். தம்பியைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. “அவன் அப்படித்தான்னு தெரியும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்,” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“எழுந்துட்டான்னு நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.