தொப்பூர் கிரேனுக்கு நான் வாங்கிய இணைப்புகள்

தருமபுரியில் ஒரு உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து மற்றவர்களின் தொழிலுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு நாற்றுப் பண்ணை, பென்னாகரத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஊருக்குள் இரண்டு பல் மருத்துவர்கள் என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மலிவாக பேக்லிங்க் வாங்கிப் போட்டால் தேடலில் மேலே வரலாமா என்று அவர்களில் யாராவது அடிக்கடி கேட்பார்கள். வராது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வாங்கிப் பார்த்தவள் நான்.

தொப்பூர் கணவாயில் கிரேன் வைத்திருக்கும் ஒரு பாய்க்காகத்தான் வாங்கினேன். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்த மலைச்சாலையில் பிரேக் சூடாகி நின்ற லாரி, ஆக்சில் உடைந்த லாரி, கவிழ்ந்த லாரி என்று எதுவானாலும் தூக்கி ஓரங்கட்டுவது அவர் தொழில். இரண்டு கிரேன், சாலையோரம் ஒரு ஷெட், ஷெட்டுக்குப் பின்னால் வீடு. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். முதல் நாள் வந்தபோதே தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்.

“முன்னெல்லாம் வண்டி நின்னா டீக்கடையில கேட்டு நம்பர் வாங்குவாங்க, தங்கச்சி. இப்ப போனை எடுத்துத் தேடுறாங்க. தேடுனா சேலத்துக் கம்பெனிதான் மொதல்ல வருது. அவங்க வந்து சேர்றதுக்குள்ள ரோடே அடைச்சுக்குது. நான் பத்து நிமிசத்துல போயிருவேன். அது தேடுறவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதாங்க.”

நான் அழகாகவே செய்து கொடுத்தேன். மஞ்சள் கிரேன் படம், பெரிய எழுத்தில் போன் நம்பர், ‘இருபத்து நான்கு மணி நேர சேவை’. இரண்டு மாதம் ஆகியும் தேடலின் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து பாய் போன் செய்தார்.

“எவனோ ஒருத்தன் கூப்புட்டு, ஐயாயிரம் லிங்க் போட்டா ஒரே வாரத்துல மொதல் எடம்னு சொல்றான். நெசமாங்களா?”

மற்றொரு வெப்சைட் தன் பக்கத்தில் நம்மைக் குறிப்பிட்டு, அழுத்தினால் நம்மிடம் வரும்படி வைப்பதுதான் பேக்லிங்க். ஊரில் நாலு பேர் ஒரு கடையைக் கைகாட்டினால் அந்தக் கடைக்கு மதிப்பு கூடுவது போல, நல்ல இடங்களிலிருந்து வரும் இணைப்புகளைத் தேடுபொறி நமக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளும். காசுக்கு வாங்கிய சாட்சி செல்லாது என்று நான் படித்திருந்தேன். ஆனாலும், “நானே பாத்து வாங்கிப் போடறேன் பாய்” என்று சொல்லிவிட்டேன். ஐயாயிரத்துக்கும் சேர்த்து இரண்டு பிரியாணிப் பொட்டலத்தின் விலைதான். போனால் போகிறது என்று, பாயைக் கூப்பிட்ட அந்த ஆளிடமே வாங்கிப் போட்டேன்.

ஒன்பதாவது நாள் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம், ஆறாவது இடத்தில். பாய் தன் போன் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதே ஆளிடம் இன்னொரு ஐயாயிரம் வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் பக்கம் பக்கமாகத் தேடியும் எங்கள் சைட்டைக் காணோம். கடைப் பெயரை முழுசாக அடித்தால்கூட வரவில்லை. இரண்டு நாளில் திரும்பிவிடும் என்று பாயிடம் சொன்னேன். அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை.

அடுத்த வாரம் ஒரு மழை நாளில் பாய் மாடியேறி வந்தார். சட்டை நனைந்திருந்தது. கணவாயில் டைல்ஸ் ஏற்றிய ராஜஸ்தான் லாரி ஒன்று கிளட்ச் போய் நடுரோட்டில் நின்றிருக்கிறது. டிரைவர் போனில் தேடி, முதலில் வந்த சேலத்துக் கிரேனைக் கூப்பிட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வண்டிகள் கணவாய் முழுக்க நிற்க, அதில் ஒரு ஸ்கூல் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது.

“நான் என்னான்னு நடந்து போய்ப் பாத்தா, அவுரு ஏற்கெனவே அட்வான்ஸ் போட்டுட்டாரு. எங்க ஷெட்டு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியுது தங்கச்சி. நீங்க இங்க இருக்கிறது எனக்கு எப்படிய்யா தெரியும்னு கேக்கறாரு.”

அவர் என்னைத் திட்டவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும், வாங்கிய இணைப்புகளின் பட்டியலை அன்றுதான் முதன்முறையாகத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முடி கொட்டுவதை நிறுத்தும் மருந்து விற்கும் பக்கம் ஒன்றின் நடுவில் ‘தொப்பூர் கிரேன் சர்வீஸ்’ என்று ஒரு வரி. சூதாட்டப் பக்கம் ஒன்றில் அதே வரி. எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் கேக் செய்யும் முறை எழுதிய பக்கத்தில், மாவு சலிக்கும் படத்துக்குக் கீழே எங்கள் கிரேன். மனிதர் யாரும் படிக்காத பக்கங்கள் அவை. நூறு பக்கம் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி தொப்பூருக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். ஷெட்டில் பாயின் மனைவியும் இருந்தார். அக்கா என்று கூப்பிடுவேன்.

“பொய்ச் சாட்சி வாங்கிப் போட்டுட்டேன் பாய். அது நம்ம பேரையே கெடுத்துருச்சு போல. நான்தான் சரி பண்ணித் தரணும்.”

“அந்தாளைப் பத்தி மொதல்ல சொன்னது நானுங்க” என்றார் பாய். “பழி பாதி பாதி. இப்ப என்ன பண்றது?”

அப்போது போன் அடித்தது. அக்கா எடுத்தார். பிறந்த வீட்டில் உருது பேசி வளர்ந்தவர் என்பதால் வடக்கத்தி டிரைவர்களோடு பேசுவது அவர்தான். எந்தப் பக்கம் போகும் வண்டி, ரெட்டைப் பாலத்துக்கு முன்னாலா பின்னாலா, சக்கரத்தில் புகை வருகிறதா, என்ன சரக்கு, எத்தனை டன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே, கல் வைத்து முட்டுக் கொடு, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் சைட்டில் இல்லாதது முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது.

“அக்கா, இதை அப்படியே சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றேன்.

“இதுல எழுத என்னா இருக்கு? தெனமும் சொல்றதுதானே” என்றார். ஆனால் சொன்னார்.

ஒரு வாரம் ஷெட்டிலேயே உட்கார்ந்து சைட்டுக்குப் புதுப் பக்கங்கள் எழுதினேன். கிரேனில் ஏறிப் போய் ஒவ்வொரு வளைவையும் படமெடுத்தேன். தமிழில் நான் எழுதினேன், இந்தியில் அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், கன்னடத்துக்கு ஓசூர்க்காரத் தோழி உதவினாள். வாங்கிய இணைப்புகளை எடுக்கச் சொல்லி அந்தந்த சைட்காரர்களுக்குக் கடிதம் போட்டதில் பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. ஒருவன் மட்டும் எடுப்பதற்கும் காசு கேட்டான். கடைசியில், இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்கே முழுப் பட்டியலையும் அனுப்பினேன்.

சைட் திரும்பி வர மழைக்காலம் முழுக்க ஆனது. பட்டியல் அனுப்பியதால் வந்ததா, புதுப் பக்கங்களால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பேக்லிங்க் வாங்காமலே முதலில் அந்தப் பத்து நாள் ஏற்றம் வந்திருக்குமோ என்றுகூட யோசித்ததுண்டு. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெங்களூருப் பக்கத்து லாரி உரிமையாளர் சங்கம் ஒன்று, கணவாயில் இறங்குமுன் படிக்கச் சொல்லி எங்கள் கன்னடப் பக்கத்தைத் தன் சைட்டில் போட்டது. லாரி ஓட்டிக்கொண்டே வீடியோ போடும் ஒரு டிரைவர், அக்காவின் இந்திப் பக்கத்தைத் தன் வீடியோவுக்குக் கீழே இணைத்தார். இரண்டையும் நாங்கள் கேட்கவில்லை. பத்தாயிரம் செய்யாததை அந்த இரண்டு இணைப்புகள் செய்தன. தை பிறந்தபோது சேலத்துக் கம்பெனிக்கு மேலே எங்கள் பெயர் இருந்தது, இன்றும் இருக்கிறது.

போன மாதம் தொப்பூருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு நிற்க நேரமில்லை. விஜயவாடா பக்கத்திலிருந்து வந்த டிரைவர் ஒருவருக்குப் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் விளக்கிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, “தெலுங்குல எப்ப போடப் போறே?” என்று கேட்டார். பாப்பிரெட்டிப்பட்டி நாற்றுப் பண்ணைக்காரர் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.