ஹாலில் ஓடிய முசிறி பஸ்

போன சனிக்கிழமை டான்ஸ் ஆடினேன். அறுபத்திரண்டு வயதில். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

மனைவி விஜயாவுக்காகப் போனது. ஐந்து மாதம் முன்பு முசிறியில் அவள் தங்கச்சி தவறிப்போனாள். விஜயா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. எது கேட்டாலும் "ம்". அதன் பிறகு முசிறிப் பக்கமே போகவில்லை; முசிறி என்றாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளாஸ் நடக்கிறது, ஆடவைத்தே மனசைத் தேற்றுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார்.

மனசுக்கு மாத்திரை உண்டு, தெரியும். ஆட்டமுமா...?

மாடி ஹால். ஏழெட்டுப் பேர். சலங்கை கிடையாது, ஸ்டெப் கிடையாது. கண்ணை மூடி, உடம்பை அதன் போக்கில் விட வேண்டும். முதல் மூன்று வாரமும் விஜயா சுவரோரம் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் நான், செருப்புக்குக் காவல் மாதிரி.

நாலாவது வாரம் டீச்சர் பெண் விடவில்லை.

"சார், நீங்க வாங்க."

"எனக்கு ஆட வராதும்மா."

"ஆட வேணாம். உங்க உடம்புக்கு என்ன தெரியுமோ அதப் பண்ணுங்க."

என் உடம்புக்கு என்ன தெரியும்? திருச்சி-முசிறி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். கம்பியைப் பிடிக்காமல் நிற்கத் தெரியும்.

நின்றேன். காலை அகட்டி, கண்ணை மூடி. கொஞ்ச நேரத்தில் தரை ஓட ஆரம்பித்தது. டோல்கேட் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. இடது பக்கம் ஆறு... வலது பக்கம் வாழை... வளைவில் இடுப்பு தானாகச் சாய்ந்தது.

"ஆடச் சொன்னா பஸ்ல போறாரு பாரு!" — முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட லலிதா அம்மா; என் பழைய ரூட் தெரிந்தவர். "குணசீலம் நிக்குமா கண்டக்டர்?"

"நிக்கும், ஏறுங்க. உள்ள போங்க, உள்ள போங்க."

ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோரும் ஒரே வளைவில் சாய்ந்தோம். பஸ் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது தோளுக்குப் பக்கத்தில் விஜயா குரல்.

"முசிறி ஒண்ணு."

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பஸ் போய்விடும். டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது.

"முசிறி... எறங்குறவங்க எறங்குங்க."

"ஏங்க... கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நான் கெடுபிடியான கண்டக்டர். ஓடிவருகிறவர்களுக்குக்கூட வண்டியை நிறுத்தியதில்லை. அன்று நிறுத்தினேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து மாதத்து அழுகை. கண்ணைத் திறந்து பார்த்தேன். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே லேசாக அதிர்ந்துகொண்டு காத்திருந்தார்கள் — இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸில் நிற்பதுபோல.

துக்கம் மனசில் இருக்கிறது என்கிறோம். எனக்கென்னவோ அது காலில் இருக்கிறது என்று படுகிறது. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்ட காலில்.

விஜயா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ரைட்... போலாம்" என்றாள்.

விசில் அடிக்கிற வேலையை அன்றோடு அவளிடம் விட்டுவிட்டேன்.